மாமாவுக்குத் தெரியாமல் ஒரு பைக்

என் அக்கா மங்கையின் வாயில் எந்த ரகசியமும் தங்காது. வல்லத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். காலையில் அங்கே இரண்டு முட்டை உடைந்தால் சாயங்காலத்துக்குள் எங்கள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒன்றரை மாதம் ஒரு விஷயத்தை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். அதுவும் வேறு வழியில்லாமல்தான். பைக் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் அவளுக்கு வேண்டியிருந்தது.

அக்கா வீட்டுக்காரர் வீராசாமி மாமா செஞ்சியில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அது அவருடைய சொந்த வண்டி இல்லை. முதலாளிக்கு மொத்தம் மூன்று லோடு வண்டிகள், அதில் ஒன்று மாமாவின் கையில் இருக்கிறது. மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை, கல்யாண வீட்டுக்கு நாற்காலி, புதுவீடு போகிறவர்களுக்குப் பீரோ, கட்டில் என்று எதுவானாலும் ஏற்றிப் போவார். ஊரான் சாமான் அத்தனையையும் வண்டியில் ஏற்றுகிறவர், தான் மட்டும் எங்கள் ஊரிலிருந்து செஞ்சிக்கு ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போவார். வேலை முடிந்ததும் வண்டியை முதலாளி கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடி ஒன்பது கிலோமீட்டர்.

பைக் வாங்கச் சொல்லி அக்கா மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, மழைக்கு முன்னால் கூரைக்குத் தகடு போட வேண்டும் என்றார். அடுத்த தடவை, காலேஜில் படிக்கிற மகளுக்கு லேப்டாப் வாங்கினார். மூன்றாவது தடவை அக்கா கையில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பைக் பார்க்கத்தான் விழுப்புரம் போனார். திரும்பி வரும்போது எங்கள் நைனாவுக்குக் காது மிஷின் வாங்கிக்கொண்டு வந்தார். நைனாவுக்கு அன்றுதான் பல வருஷத்துக்குப் பிறகு அக்காவின் குரல் நன்றாகக் கேட்டது. அக்கா மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ கேக்கப் போறதில்லடா குரு. வாங்கிக்கினு வந்து வாசல்ல நிறுத்திட்டா திருப்பியா அனுப்புவாரு?" என்றாள் அக்கா.

நான் வல்லத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு என்று வேண்டிய காகிதங்களையெல்லாம் நானே நகல் எடுத்துக் கொடுத்தேன். வண்டி அக்கா பேரில் பதிவானது. புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று செஞ்சி ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை நான் கடை ஷட்டரை இழுக்கும்போது படியில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"உனக்கு வேற நாளே கெடைக்கலியா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். ஆனால் நாளை மாற்றவில்லை. நல்ல நாள் பார்த்தாயிற்று, பள்ளிக்கூடத்தில் லீவும் சொல்லியாயிற்று. ஷோரூம்காரர்களே ஒரு ஆளைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நானும் சொன்னேன்.

ஷோரூமில் அன்றைக்குக் கூட்டம். நல்ல நாள் எங்களுக்கு மட்டுமா? கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட வண்டி, பெட்ரோல் டேங்கில் மேலே சுற்றுகிற மின்விசிறி தெரிகிற அளவுக்குப் பளபளவென்று நின்றது. அக்கா அதைத் தொடவில்லை. புடவைத் தலைப்பால் ஒரு இடத்தைத் துடைத்தாள், அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றாள்.

"ஓட்டிக்கினு வர ஆள் வேணும்" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"எங்க பசங்க எல்லாரும் டெலிவரிக்குப் போயிருக்காங்க சார். சாயங்காலம் ஆவும். அவசரம்னா லோடு வண்டி சொல்றேன், பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றவர், எங்கள் பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துப் பேசி முடித்துவிட்டார்.

அக்காவுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. "எந்த லோடு வண்டிடா?" என்று கேட்டாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தேன். முகப்பில் மஞ்சள் பூ மாலை போட்ட குட்டியானை ஒன்று பின்பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு பின்னால் பார்த்து ஓட்டியவர் என் மாமா.

"அய்யோ, அவரு!" என்றாள் அக்கா.

சுவாதி என்ற பெண்தான் எங்களுக்கு வண்டி காட்டியவள். கெட்டிக்காரி. ஒரு கேள்வி கேட்காமல் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே உதிரிபாகம் வைத்திருக்கிற அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாடா குரு, நீ இங்க இன்னா பண்ற?"

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "வண்டி வாங்கினேன் மாமா" என்றேன்.

மாமா பைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பைக்கைப் பார்த்தார். முகம் ஒரு கணம் சுருங்கி, அப்புறம் மலர்ந்தது. இரண்டையும் நான் பார்த்தேன்.

"உன் வண்டியா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மச்சான்?"

"திடீர்னு முடிவாயிடுச்சி மாமா."

"சரி, சரி. நல்ல வண்டி எடுத்துக்கற. உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இரு, அவளுக்குச் சொல்றேன். கேட்டா குதிப்பா."

நான் தடுக்குமுன் அழைத்துவிட்டார். உதிரிபாக அறைக்குள் போன் மணி அடித்தது. அக்கா தன் போனில் அம்மன் பாட்டுதான் வைத்திருக்கிறாள், அது முழு சத்தத்தில் கிளம்பியது. மாமா காதில் போனோடு அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் போன் சார்! சார்ஜ் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு சுவாதி உள்ளே ஓடினாள். பாட்டு நின்றது.

"எடுக்க மாட்டேங்கறா. சமையல்ல இருப்பா" என்று மாமா போனை உள்ளே வைத்துக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

பலகை போட்டு நாலு பேர் பிடித்து பைக்கை ஏற்றினார்கள். கயிறு கட்டும்போது மாமா யாரையும் தொட விடவில்லை. கயிறு உரசினால் பெயிண்ட் போய்விடும் என்று தன் தோளில் இருந்த துண்டை மடித்து டேங்குக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்தார். அது போதாமல் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த மாற்றுச் சட்டையை எடுத்துக் கைப்பிடியில் சுற்றினார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். நெல் மூட்டையை அவர் ஏற்றி நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஏற்றிப் பார்த்ததில்லை.

வாடகை எவ்வளவு என்று ஒப்புக்குக் கேட்டேன். முறைத்தார். "ஒங்கிட்ட வாடக வாங்கிட்டு ஒங்க அக்காகிட்ட நான் சோறு துன்ன முடியுமா? ஏறு."

பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் ரோஜா மாலை ஒன்றும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தார். மாலையைப் பைக்குக்குப் போட்டார். பழத்தை என் கையில் கொடுத்து, "வூட்ல எறக்கும்போது அமலாவ டயருக்கு வெக்கச் சொல்லு" என்றார். அமலா என் மனைவி. அவளுக்கு இந்தக் கதையில் ஒரு வரிகூடத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட்டுரோட்டைத் தாண்டி வல்லம் போகிற சாலையில் திரும்பினோம். பக்கக் கண்ணாடியில் கோட்டை மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. மாமா முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. வேகத்தடை வருகிற இடத்திலெல்லாம் ஏறக்குறைய நிறுத்தி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். இரண்டு இடத்தில் ஓரம் கட்டிக் கீழே இறங்கிப் போய் முடிச்சைப் பார்த்துவிட்டு வந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். "போங்கடா, போங்க. புது வண்டி வருது, தெரியல?" என்று அவர்களுக்குக் கேட்காத குரலில் பதில் சொன்னார்.

டவுன் பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. ஜன்னலோரம் ஒரு பெண் புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

"ஒங்க அக்காகிட்ட இருக்கற மாதிரியே பொடவ" என்றார் மாமா.

"இந்தக் கலர் இப்ப எல்லார்கிட்டயும் இருக்குது மாமா" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை இன்னும் மெதுவாக்கினார். பிறகு, "குரு" என்றார். குரல் மாறியிருந்தது. "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுங்க மாமா."

"அமாவாசைக்கு அமாவாச ஒங்க அக்கா மேல்மலையனூர் போறா இல்ல? ஸ்பெஷல் பஸ்ல எடம் கெடைக்காது. போவ வர நின்னுகினேதான். அடுப்புகிட்டயும் நாள் முழுக்க நிக்கிறா. பஸ்ஸுலயும் நிக்கிறா. வந்தா ராத்திரி காலு வீங்கிப்போயி கெடக்குது. எங்கிட்ட சொல்ல மாட்டா. ஒரே ஒரு தடவ இந்த வண்டிய எங்கிட்ட குடேன். பதனமா ஓட்டுவேன். பின்னால ஒக்கார வெச்சிக் கூட்டிப் போயி அம்மன காட்டிட்டு அப்படியே கழுவித் தொடச்சி ஒன் வாசல்ல கொண்டாந்து உட்டுர்றேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நான் திரும்பிக்கொண்டதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "வேணாம்னா உடு. புது வண்டி. எனக்கே மனசு வராது" என்றார் அவசரமாக.

"எப்ப வேணா எடுத்துக்குங்க மாமா" என்றேன்.

எங்கள் தெருவில் வண்டி நின்றதும் அமலா வெளியே வந்தாள். வீட்டில் தையல் வேலை செய்கிறவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பைக்கைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், என் கையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"இது யாரு வண்டி?"

"ஒன் வண்டிதாம்மா!" என்றார் மாமா சிரித்துக்கொண்டு. "ஒன் வூட்டுக்காரன் வாங்கியிருக்கான்."

"யாரக் கேட்டு வாங்கின?" என்று அமலா என்னைப் பார்த்துக் கேட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் கதவு திறந்தது. "கைய ஒடச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு பைக்கு வாங்கப் போனியா? ஒன் பழைய வண்டிக்கு இன்னா கேடு?"

நான் கண் ஜாடை காட்டினேன். அவளுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "கண்ண சிமிட்டாத! வாயத் தொறந்து சொல்லு!"

மாமா எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். "உடும்மா. ஆசப்பட்டு வாங்கிட்டான். ஒன்னக் கேக்காதது தப்புதான், நான் இல்லேங்கல. நல்ல காரியம் நடக்கும்போது சத்தம் போடாத."

"அண்ணா, நீங்க பேசாதீங்க. எங்க அண்ணியக் கேக்காம நீங்க ஒரு செருப்பு வாங்குவீங்களா?"

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது. ஷோரூமில் கொடுத்த காகித உறையை வண்டிக்குள்ளிருந்து எடுத்தார். "இரும்மா. பயபுள்ள ஒன் பேர்லதான் வாங்கியிருப்பான். ஒனக்குச் சொல்லாம ஒன் பேர்ல வாங்கணும்னு நெனச்சிருப்பான். இரு, நான் காட்டறேன்" என்று இன்சூரன்ஸ் தாளைப் பிரித்தார்.

"மாமா, அதக் குடுங்க" என்று நான் இடது கையை நீட்டினேன். அவர் விலகிக்கொண்டு தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

"எம்... ஏ... என்... மங்கை." நிறுத்தினார். "மங்கைன்னு போட்டுக்குது." அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். அங்கே அவருடைய பெயர் இருந்தது. கணவர் பெயர் வீராசாமி. அந்த எழுத்துகளின் மேல் அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

அமலா எட்டிப் பார்த்தாள். "அண்ணி பேரா?" என்றாள், இந்தத் தடவை எதிர்வீட்டுக்குக் கேட்காத குரலில்.

தெருமுனையில் கைப்பம்பு ஓரம் அக்கா நின்றிருந்தாள். பஸ்ஸில் இறங்கி, எங்களுக்கு முன்பே வந்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறாள். இப்போது மெதுவாக நடந்து வந்தாள்.

"இன்னா மங்கை இது?" என்றார் மாமா.

"பைக்கு."

"அது தெரியுது. யாருக்கு?"

"எனக்கா ஓட்டத் தெரியும்?"

மாமா தாளை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "என்னைக் கேக்காம..." என்று தொடங்கியவரை அக்கா முடிக்க விடவில்லை.

"கேட்டா இன்னா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். மூணு தடவ கேட்டாச்சி. போன மாசம் சைக்கிள்லருந்து உழுந்தீங்களே, அத எங்கிட்ட சொன்னீங்களா?"

மாமா திகைத்தார். "அது ஒனக்கெப்படித் தெரியும்? நாய் ஒண்ணு குறுக்க வந்துது. சும்மா லேசா..."

"இருவத்திரண்டு வருஷமா ஒங்க லுங்கிய நான்தான் தொவைக்கிறேன். மண்ணும் ரத்தமும் ஒட்டிக்கினு வந்தா எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு நாளு பாத்தேன். சொல்லல. நாலாவது நாளு கடைக்குப் போயி வண்டிக்குச் சொல்லிட்டு வந்தேன்."

தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மாமா யாரையும் பார்க்காமல் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வழியெல்லாம் ஒன் தம்பிகிட்ட கெஞ்சிக்கினு வந்தேன்" என்றார் கடைசியில். "ஒரு நாளைக்கு வண்டியக் குடுடான்னு."

"எதுக்கு?"

அவர் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் சொன்னேன். மேல்மலையனூர் பஸ்ஸையும், வீங்குகிற காலையும், கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று திரும்பி அமலாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் காலு வீங்கல" என்றாள் அங்கிருந்தபடியே.

"பக்கத்துத் தெருவுல அக்கா வூட்டுக்கே கொண்டுபோயி எறக்கலாமா, இங்கயே எறக்கலாமா?" என்று எதிர்வீட்டுப் பார்த்திபன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேட்டான். இன்னும் இரண்டு பேர் பலகையை எடுத்தார்கள். அந்த நேரத்தில் மாமாவுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. மூன்று மணிக்கெல்லாம் வண்டி கொட்டகையில் இருக்க வேண்டுமாம். அடுத்த டிரைவர் லோடு எடுக்கிறாராம்.

மாமா போனை வைத்துவிட்டு யோசித்தார். "எறக்காதீங்கடா" என்றார்.

"ஏன் மாமா?"

"எறக்கினா நான் குட்டியானைய உட்டுட்டு அங்கருந்து சைக்கிள்ல வரணும். இவ வாங்கின வண்டி இங்க நிக்கும், நான் அங்கருந்து சைக்கிள் மிதிப்பேன். நல்லாவா இருக்குது?" அக்காவின் பக்கம் திரும்பினார். "மங்கை, ஏறு."

"எங்க?"

"செஞ்சிக்குத்தான். பைக்கு அப்படியே மேலயே இருக்கட்டும். கொட்டாயில லோடு வண்டிய உட்டுட்டு, அங்க எறக்கி, ரெண்டு பேரும் ஓட்டிக்கினு வரலாம்."

"இவ்ளோ தூரம் கொண்டாந்தத திருப்பி எடுத்துக்கினு போறதா? ஜனம் சிரிக்கும்" என்றாள் அக்கா. சொல்லும்போதே கேபின் கதவைத் திறந்துவிட்டாள். அமலா ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலும், தன் மல்லிகைச் சரத்தில் கிள்ளிய பாதியும் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தாள். மாமா பின்னால் போய் முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ரோஜா மாலையோடு எங்கள் ஊர் வரைக்கும் வந்த பைக், ஒரு சக்கரம்கூட மண்ணில் படாமல், மறுபடி செஞ்சிக்குக் கிளம்பியது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். கேபினிலிருந்து அக்காவின் குரல்தான் அதிகம் கேட்டது. ஒன்றரை மாதப் பேச்சு பாக்கி இருந்ததே.

நாலு மணிக்குள் வந்துவிடுவார்கள் என்று நாங்கள் அக்கா வீட்டு வாசலில் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் முழுசாக இறங்கிய பிறகுதான் வந்தார்கள். மாமா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, நடக்கிறவர்கூட முந்திவிடுகிற வேகத்தில் ஓட்டி வந்தார். அக்கா ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் ஒரு ஸ்வீட் பெட்டியையும் பிடித்திருந்தாள்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கற!" என்று அக்கா இறங்கும்போதே ஆரம்பித்தாள். "ஸ்டாண்டுல இருக்கற லோடு வண்டிக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கொண்டுபோயி நிறுத்திட்டாரு. என் பொண்டாட்டி வாங்கினது, என் பொண்டாட்டி வாங்கினதுன்னு அதையே சொல்லிக்கினு இருக்காரு. முதலாளி வூட்டம்மாவ வேற வெளிய வரச்சொல்லிக் காட்டியாச்சி. எனக்கு வெக்கமா போச்சி."

வெட்கப்பட்ட முகம் மாதிரி தெரியவில்லை.

மாமா வாசலில் வண்டியை நிறுத்திப் பூட்டினார். நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். கை கழுவப் போனவர் மறுபடி வந்தார். அப்புறம் வீட்டுக்குள் போனார், கட்டிலைச் சுவரோரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"வெளிய பனி பெய்யும். உள்ள ஏத்திடலாம்" என்றார்.

"அப்ப மனுஷங்க எங்க படுக்கறது?" என்று அக்கா கத்தினாள்.

"ஓரமா படுத்துக்கலாம். நீ ஒரு கை பிடி."

வாசல்படியில் பழைய பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து மாமா கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். நானும் ஒற்றைக் கையோடு போனேன். "நீ எட்ட நில்லு, இருக்கற கையையும் ஒடச்சிக்காத" என்று என்னைத் துரத்திவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டியபடி அக்கா பின்னாலிருந்து தள்ளினாள்.